கங்காணி பின்னால் நடப்பார்

ஆவணி மாதத்துக் கடைசி ஞாயிறன்று மதுரை ரயில் போடிக்கு முக்கால் மணி நேரம் பிந்தி வந்தது. அதுவரை ஞானதுரை பிளாட்பாரத்தில் நின்று, வாங்கி வைத்த மாலைகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

இறங்கியவர்கள் நான்கு பேர். ஓய்வு பெற்ற சப்-ஜட்ஜ் ஒருவர். கல்லூரிப் புரொபசர் ஒருவர். அவர் மனைவி. ஒரு பாங்க் ஏஜெண்ட். எல்லோரும் கான்வாஸ் ஷூ போட்டிருந்தார்கள். புரொபசர் கையில் இரும்பு முனை வைத்த தடி இருந்தது. சுவிட்சர்லாந்தில் வாங்கியது என்றார். யாரும் கேட்கவில்லை.

இந்த ஒரு வார மலையேற்றமே புரொபசருடைய யோசனைதான். சித்திரையில் ஒருநாள் ரயிலைத் தவறவிட்டு ஞானதுரையின் லாட்ஜில் தங்கினார். இலையின் முன்னால் உட்கார்ந்து சுவிட்சர்லாந்தைப் பற்றிச் சொன்னார். அங்கே ஜனங்கள் ஒரு ஓட்டலில் ஒரு வாரம் தங்குகிறார்கள். காலையில் வழிகாட்டி வந்து மலைக்கு அழைத்துப் போகிறான். சாயங்காலம் ஓட்டலுக்குத் திரும்பி வெந்நீரில் குளிக்கிறார்கள். மறுநாளும் மலை. இதற்குக் காசு கொடுக்கிறார்கள். ஞானதுரை கடைசி வாக்கியத்தை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

லாட்ஜின் பெயர் ஹில் வியூ. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்றால் மலை தெரியும். அறைகளில் ஏலக்காய் வாசனை அடித்தது. சுவருக்கு இரண்டு தடவை சுண்ணாம்பு அடித்தும் போகவில்லை. போன வருஷம் வரை அது அண்ணன் தானியேல் ஏலக்காய் மூட்டை அடுக்கிய கிட்டங்கி.

தானியேலுக்கு ஏலக்காய் மண்டி இருந்தது. மலை மேட்டுக்கு அந்தப் பக்கம் குத்தகைக்கு எடுத்த தோட்டம் இருந்தது. மண்டியில் மெத்தை வைத்த நாற்காலி இருந்தது. ஞானதுரைக்கு ஒரு முக்காலி இருந்தது. மீசை அரும்பிய நாள் முதல் அந்த முக்காலியில் உட்கார்ந்து, சாக்குகளில் நங்கூர முத்திரை குத்தினார். தானியேல் சரக்குக்கு நங்கூரம்தான் அடையாளம். வேலையாட்கள் தானியேலை முதலாளி என்றார்கள். இவரைச் சின்ன முதலாளி என்றார்கள். காதோரம் நரைத்த பிறகும் சின்ன முதலாளிதான்.

போன புரட்டாசியில் ஞானதுரை லாட்ஜ் நடத்த அந்தக் கிட்டங்கியைக் கேட்டார். தானியேல் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை. ஒரு வருஷம் நடத்திப் பார், அடுத்த பறிப்புக்குள் அறைகள் நிறையவில்லை என்றால் சாக்கு உள்ளே வரும் என்றார். முக்காலியை யாருக்கும் கொடுக்கவில்லை. தினமும் துடைத்து வைக்கச் சொன்னார். தெருவில் போகிறவர்கள் பார்க்கிற இடத்தில் அது காலியாகக் கிடந்தது.

இப்போது பறிப்பு தொடங்கிவிட்டது. இதுவரை லாட்ஜில் தங்கியவர்கள், ரயிலைத் தவறவிட்டவர்களும் பெண் பார்க்க வந்து முடிவு சொல்லாமல் போனவர்களும்தான். புரொபசர் மதுரையில் ஒரு கிளப்பில் காரியதரிசி. இந்த வாரம் நல்லபடி நடந்தால் கிளப்பிலிருந்து கூட்டம் கூட்டமாக ஆட்களை அனுப்புவதாக வாக்குக் கொடுத்திருந்தார். நடக்காவிட்டால் முக்காலி.

வழிகாட்டிதான் கிடைக்கவில்லை. போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்கிறவர்கள் மலை ஏறுவதில்லை. ஏலக்காய் இறங்கி வரும். அவர்கள் கீழே உட்கார்ந்து வாங்குவார்கள். ஞானதுரையும் ஏறியதில்லை. விசாரித்துப் பார்த்ததில் ஊரில் ஒரே ஒரு மனிதருக்குத்தான் மனிதர்களை மலைமேல் கொண்டுபோகிற தொழில் இருந்தது. காசிமாயன். அவர் கங்காணி. பறிப்புக் காலத்தில் விடியற்காலையில் முந்தல் அடிவாரத்தில் ஆட்களைச் சேர்ப்பார். மேலே தோட்டங்களுக்கு ஏற்றிப் போய்ப் பறிக்க வைப்பார். இருட்டுமுன் இறக்குவார். தலைக்கு இவ்வளவு என்று தோட்டக்காரர்களிடம் வாங்கிக்கொள்வார்.

ஞானதுரை விஷயத்தைச் சொன்னார். காசிமாயன் வெற்றிலையை மென்றபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"எத்தனை ஆளு?"

"ஆளு இல்லண்ணே. கெஸ்ட்டு."

"சரி. எத்தனை?"

திங்கட்கிழமை நடந்ததை ஜீப் டிரைவர் சோணை வந்து சொன்னான். காசிமாயன் நான்கு பேரையும் வரிசையாக நிறுத்தினாராம். பெயரைக் கேட்டு, திருப்பிக் கூப்பிட்டு, இருக்கேன் என்று சொல்லச் சொன்னாராம். ஜட்ஜ் மட்டும் இங்கிலீஷில் சொன்னாராம். பிறகு டிபன் கேரியர்களை வாங்கி, சுமைகாரன் ஒருவன் தலையில் ஏற்றி முன்னால் அனுப்பிவிட்டாராம். சோற்றுத் தூக்கு முன்னால் போய்விட்டால் ஆள் பாதி வழியில் திரும்பமாட்டான். கங்காணித் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது.

அதற்குப் பிறகு காசிமாயன் கடைசியில் போய் நின்றார். கையில் பிரம்பு.

புரொபசர், வழிகாட்டி முன்னால் போகவேண்டும் என்றார். சுவிட்சர்லாந்தில் அப்படித்தான் என்றார்.

"முன்னால போனா பின்னால எவன் உக்காந்துட்டான்னு எனக்கு எப்படிங்க தெரியும்?" என்றார் காசிமாயன்.

வழி தெரியாதே என்று புரொபசர் சொன்னார்.

"ஒத்தையடிப் பாதைதான். அது எங்கிட்டும் போயிறாது. நடங்க."

சோணை இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தான். ஞானதுரை சிரிக்கவில்லை. பிரம்போடு ஒருவன் ஜட்ஜின் முதுகுக்குப் பின்னால் நடக்கிறான். சாயங்காலம் சொல்லவேண்டிய மன்னிப்பை அறைக்குள் நின்று சொல்லிப் பார்த்தார். தமிழில் ஒரு தடவை, இங்கிலீஷில் ஒரு தடவை. இங்கிலீஷில் சுருக்கமாக வந்தது.

சாயங்காலம் ஜீப் வந்தது. நான்கு பேரும் இறங்கினார்கள். முழங்கால் வரை சேறு. ஜட்ஜ் நேராக ஞானதுரையிடம் வந்து வலது கையை விரித்துக் காட்டினார். விரல்களில் பிசின் ஒட்டியிருந்தது. நகங்களுக்குள் மண். முகர்ந்து பாரும் என்றார். ஞானதுரை முகர்ந்தார். ஏலக்காய். பிறந்ததிலிருந்து முகர்ந்து வந்த வாசனை. பிரமாதம் என்றார்.

சாப்பாட்டின்போது எல்லாம் வெளியே வந்தது. மேலே போனதும் கட்டுச்சாதம் சாப்பிட்டிருக்கிறார்கள். இயற்கைக் காட்சியைப் பார்த்திருக்கிறார்கள். போடி சின்னதாகத் தெரிந்திருக்கிறது. பார்த்து முடிந்ததும் உட்கார்ந்துவிட்டார்கள். காசிமாயனால் அதைத் தாங்க முடியவில்லை. பறிப்புக் காலத்தில், பட்டப்பகலில், தான் ஏற்றிக் கொண்டுவந்த ஆட்கள் தோட்டத்து வேலியோரம் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். வேறு கங்காணிகள் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? ஆளுக்கொரு கூடையைக் கொடுத்துவிட்டார்.

நான்கு பேரும் அதை நிகழ்ச்சி நிரலில் ஒன்று என்று நினைத்தார்கள். சுவிட்சர்லாந்தில் விருந்தாளிகளை மாடு கறக்க விடுவார்கள் என்று புரொபசர் விளக்கினார். ஏலச்செடியின் தூரில் குந்தி உட்கார்ந்து, மண்ணோடு கிடக்கும் காயை ஒவ்வொன்றாகக் கிள்ளினார்கள். எழுந்து முதுகை நிமிர்த்தினால் பின்னால் பிரம்பு தரையைத் தட்டியது.

இருபது வருஷம் தன் முன்னால் ஜனங்கள் கைகட்டி நின்றார்கள் என்றார் ஜட்ஜ். தன் பின்னால் ஒருவன் கம்போடு நின்றது இதுதான் முதல் தடவை. இவ்வளவு நாள் ஏதோ குறைந்தது என்று தெரிந்தது, எது என்று இப்போதுதான் தெரிகிறது என்றார். மூன்றாம் தடவை சோறு வாங்கிக்கொண்டார்.

ஞானதுரை தனது மன்னிப்பை உள்ளே வைத்துக்கொண்டார். அது எந்தத் தோட்டம் என்று கேட்கத் தோன்றவில்லை. அல்லது தோன்றி, வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காய் நிறுப்பது வந்தது. மேட்டுக்கு அந்தப் பக்கம் போன வருஷத்திலிருந்து கேரளம். தராசுக்காரன் மலையாளி. கூடையின் எடைக்கு ஒரு கழிவு, ஈரத்துக்கு ஒரு கழிவு என்று தள்ளினான். ஜட்ஜ் ஆட்சேபித்தார். எல்லாருக்கும் இதே கழிவுதான் என்றார் காசிமாயன். ஜட்ஜ் யோசித்துவிட்டு, சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்றார். ஒருகாலத்தில் தேவாரம் ஊர்ப் பக்கத்துப் பறிப்பு ஆட்கள் இதே கழிவைப் பற்றிப் போட்ட வழக்கை அவர் தள்ளுபடி செய்திருந்தார். இப்போது அது ஞாபகத்துக்கு வரவில்லை. புரொபசர் மனைவியின் கூடை தன்னுடையதைவிடக் கனம் என்பதுதான் ராத்திரி முழுக்க மனதில் ஓடியது. சாப்பாட்டில், சோறு போதும் என்பதற்கு, தராசுக்காரனின் மலையாளத்தில், மதி என்றார். சமையல்கார ஐயருக்குப் புரியவில்லை. இன்னும் வைத்தார்.

புதன்கிழமை மழை. ஞானதுரை வெந்நீர்க் கொப்பரையை நிரப்பச் சொல்லிவிட்டு வாசலில் காத்திருந்தார். ஜீப் தெருமுனையில் திரும்பியது. மழைக்காக நான்கு பேரும் சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டிருந்தார்கள். தோட்டத்தில் கொடுத்த சாக்கு. ஒவ்வொருவர் நெற்றிக்கு மேலேயும் ஒரு நங்கூரம் இருந்தது.

ஜட்ஜின் தலையிலிருந்த நங்கூரம் கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்திருந்தது. ஞானதுரை குத்தினால் அது எப்போதும் இடது பக்கம் சாயும்.

ஜீப் கடைவீதி வழியாகத்தான் வந்திருந்தது. மண்டியைத் தாண்டித்தான் வந்திருந்தது. அண்ணன் நாற்காலியில் இருந்தாரா என்று ஞானதுரை சோணையைக் கேட்டார். இருந்தார் என்றான் சோணை. எழுந்து வாசலுக்கு வந்து பார்த்தாராம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தாராம்.

அன்று விளக்கு வைக்கும் நேரத்தில் ஞானதுரை காசிமாயனைத் தேடிப் போனார். அவர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

அண்ணன் தோட்டத்துக்கு ஏன் கொண்டுபோனீர்கள் என்று கேட்டார் ஞானதுரை. அதுதான் பக்கம் என்றார் காசிமாயன். அங்கேதான் ஆள் பற்றாக்குறை என்றார். எந்தத் தோட்டத்துக்கு என்று நீங்கள் சொல்லவில்லையே என்றார். எல்லாம் நியாயமாக இருந்தது.

"அவுக வேலை செய்ய வரலண்ணே. பாக்க வந்திருக்காக."

"பாத்தாக. வெரசாப் பாத்து முடிச்சிட்டாக. பெறகு சும்மா உக்காந்தாக. சும்மா உக்காந்தா ஆளு கெட்டுப் போகும், சின்ன மொதலாளி."

ஞானதுரை நாளைக்கு வேறு எங்காவது கொண்டுபோகச் சொன்னார். கூடையே கூடாது என்றார். அருவி ஏதாவது இருந்தால் காட்டுங்கள் என்றார். காசிமாயன் வெற்றிலையைத் துப்பினார். பிறகு சரி என்றார். அவருக்கும் ஒரு வசதி இருந்தது. தோட்டத்துக்கு ஒரு நாளைக்கு இத்தனை தலை என்று கணக்கு. இந்த நான்கு பேர் ஏறியதிலிருந்து சிலமலை ஊர்ப் பெண்கள் நான்கு பேரை அடிவாரத்திலேயே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். நாளைக்கு அவர்களை ஏற்றிக்கொள்ளலாம். பற்றாக்குறை என்று அவர் சொன்னதும் ஆள் திரும்பிப் போனதும் ஒரே வாரத்தில் எப்படி நடந்தது என்று ஞானதுரை கேட்கவில்லை. திருப்பி அனுப்பியது அவருக்கு அப்போது தெரியாது.

வியாழக்கிழமை குரங்கணிப் பக்கம் ஓர் அருவிக்குப் போனார்கள். அருவி விழுந்துகொண்டிருந்தது. நான்கு பேரும் பார்த்தார்கள். காசிமாயன் அருவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அவர்களைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் பாங்க் ஏஜெண்ட் அடுத்து என்ன என்று கேட்டார். இதுதான் என்றார் காசிமாயன். புரொபசர் மனைவி பாறையோரம் ஒரு செடியின் தூரில் குந்தி, பழக்கதோஷத்தில் எதையோ தேடினாள்.

மதியச் சாப்பாட்டுக்கே லாட்ஜுக்குத் திரும்பிவிட்டார்கள். வெந்நீர் காயவில்லை.

ஜட்ஜ் முதலாளியைக் கூப்பிடச் சொன்னார். ஞானதுரை போய் நின்றார். ஜட்ஜ் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மற்ற மூன்று பேரும் பின்னால் நின்றார்கள். விசாரணை சுருக்கமாக நடந்தது. தாங்கள் வேடிக்கை பார்க்க வரவில்லை என்றார் ஜட்ஜ். வேடிக்கை மதுரையிலேயே இருக்கிறது என்றார். முதல் மூன்று நாளும் உடம்பில் ஓர் உண்மை இருந்தது என்று புரொபசர் சேர்த்துக்கொண்டார். நாளைக்கும் அருவி என்றால் வெள்ளிக்கிழமை ரயிலிலேயே கிளம்புவதாகவும், கிளப்பில் கேட்பவர்களிடம் நடந்ததை அப்படியே சொல்வதாகவும் முடிந்தது. புரொபசர் மனைவி மட்டும் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மண் போயிருந்தது.

ஞானதுரை மொட்டை மாடிக்குப் போனார். தொட்டியின் மேல் ஏறினார். மலை இருந்தது. கீழே கடைவீதியில் மண்டியின் ஓடு தெரிந்தது. முக்காலி தெரியவில்லை. தெரிந்த மாதிரி இருந்தது.

இறங்கி நேராக டீக்கடைக்குப் போனார்.

"நாளைக்குத் தோட்டத்துக்கே ஏத்துங்க."

"யார் தோட்டத்துக்கு?" என்றார் காசிமாயன். இந்தத் தடவை கேட்டுக்கொள்வது நல்லது என்று நினைத்தார் போலிருக்கிறது.

"அதுக்கேதான்."

"இன்னைக்குச் சிலமலைப் பிள்ளைகளை வரச் சொல்லிட்டேனே. கூடை குடுத்துட்டேன். நாளைக்கும் வரும். நாலு ஏறுனா நாலு நிக்கணும்."

"நிக்கட்டும்" என்றார் ஞானதுரை.

காசிமாயன் எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டார். போகும்போது, சரிங்க மொதலாளி என்றார். ஞானதுரைக்கு அது காதில் விழுந்தது. சின்ன இல்லாமல் விழுந்தது. டீ சொல்லிக் குடித்தார்.

வெள்ளிக்கிழமை நான்கு பேரும் ஏறினார்கள். ஜட்ஜ் ஓட ஆரம்பித்ததாகவும் காசிமாயன் பிரம்பால் தடுத்ததாகவும் சோணை சொன்னான்.

அவர்கள் ஏறிப் போன கொஞ்ச நேரத்தில், லாட்ஜின் பின்வாசலில் ஒருத்தி வந்து நின்றாள். சிலமலை வேலுத்தாய். இடுப்பில் வெறும் தூக்குச்சட்டி. அடிவாரத்திலிருந்து நடந்தே வந்திருந்தாள். ஞானதுரைக்கு அவளைத் தெரியும். பறிப்பில்லாத மாதங்களில் மண்டியில் காய் புடைக்க வருவாள். வாய் துடுக்கு என்று அண்ணன் ஒரு தடவை நிறுத்தினார். கை வேகம் என்று திரும்பக் கூப்பிட்டார்.

என்ன என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல. சோலி இல்ல. எங்க சோலியப் பாக்குறவுக எங்கதான் தங்கியிருக்காகன்னு பாத்துட்டுப் போவோம்னு வந்தேன்."

உள்ளே எட்டிப் பார்த்தாள். கட்டில், கொசுவலை, ஜன்னல் திரை. கொடியில் ஜட்ஜின் அரைக்கால் சட்டை காய்ந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அவுக காசு குடுத்து ஏறுறாகளாமே, சின்ன மொதலாளி. நெசமா?"

நிஜம்தான் என்றார் ஞானதுரை.

"குந்தி உக்காந்து பறிக்கிறதுக்கும்?"

அதற்குத் தனியாக இல்லை என்றார் ஞானதுரை. எல்லாம் சேர்த்துத்தான் என்றார்.

"அட்டை கடிக்கிறதுக்கும் சேத்தா?"

ஜட்ஜ் முந்தின நாள் ராத்திரி அட்டை கடித்த இடங்களை எல்லோருக்கும் எண்ணிக் காட்டியிருந்தார். ஏஜெண்டுக்கு ஒன்று குறைவு.

வேலுத்தாய் தூக்குச்சட்டியை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள். அவர்கள் பறிக்கிறதில் பாதி பிஞ்சு என்று அடிவாரத்தில் பேசிக்கொள்வதாகச் சொன்னாள். தாங்கள் ஒரு பிஞ்சைக் கிள்ளினாலும் அன்றைக்குக் கூலி பாதி என்றாள். வருத்தமாகச் சொல்லவில்லை. தக்காளி விலையைச் சொல்வதுபோலச் சொன்னாள். பிறகு ஒன்று கேட்டாள்.

"நாங்க நாலு பேரும் இங்க வந்து தங்குறோம். கட்டில்ல படுக்கிறோம். காலைல ஜீப்புல போறோம். எங்களுக்கும் ஏற எடம் கெடைக்குமா?"

அவள் சிரிக்கவில்லை. அதனால் ஞானதுரைக்குச் சிரிக்க வழியில்லை. உனக்கு வேலைதானே வேண்டும் என்றார். சாயங்காலம் திரும்பி வருகிறவர்களுக்கு வெந்நீர் போட ஆள் இல்லை. இருக்கிறவன் நேரத்துக்குக் காய்ச்சுவதில்லை. கொப்பரைக்கு விறகு தள்ளுகிற வேலை இருக்கிறது என்றார்.

வேலுத்தாய் யோசித்தாள். முந்தானையை இடுப்பில் செருகினாள். விறகு எங்கே என்று கேட்டாள்.

அன்று சாயங்காலம் வெந்நீர் பதமாக இருந்தது. மேலே தனக்குக் கிடைத்திருக்க வேண்டிய கூடையைத் தூக்கி வலித்த தோள்களுக்கு அவள் வாளி வாளியாக ஊற்றி அனுப்பினாள். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்த சோணை, ஜட்ஜ் குளியலறைக்குள் பாடியதாகச் சொன்னான். இந்த ஊர் ஜனங்கள் எவ்வளவு பாக்கியசாலிகள், தினமும் இதைச் செய்கிறார்கள் என்று புரொபசர் கொப்பரையருகே நின்று அவளிடமே சொன்னார்.

"ஆமாங்கய்யா" என்றாள் வேலுத்தாய். "இந்த வாரம் மட்டும் லீவு."

புரொபசர் தலையாட்டிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை பறிப்பு அரை நாள். மேலே தராசுப் பக்கத்தில் கூலி கொடுத்தார்கள். காசிமாயன் நான்கு பேரையும் வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டார். ஜட்ஜுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவந்தது. தான் என்ன கூலிக்காரனா என்றார். புரொபசர் சிரித்து, கையை விரித்துக் காட்டினார். ஏஜெண்ட் அவர்களைப் பார்த்துவிட்டு அவரும் வேண்டாம் என்றார். தராசுக்காரன் மூன்று பேர் பங்கையும் தானியேல் முதலாளியின் பெட்டியில் திரும்பப் போட்டான். புரொபசர் மனைவி தன் கூலியை வாங்கி எண்ணாமல் முந்தானையில் முடிந்துகொண்டாள். கணவர் அப்போது மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

லாட்ஜில் விடை கொடுக்கும் விருந்து நடந்தது. ஐயர் போளி தட்டினார். நான்கு பேரும் காசிமாயனுக்கு மாலை போட்டார்கள். அவர் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, யாரும் எழுந்து போகாதபடி வாசல்பக்கம் உட்கார்ந்திருந்தார். ஜட்ஜ் பேசினார். மனிதனுக்கு உழைப்பு வேண்டும், உழைப்புக்கு ஒழுங்கு வேண்டும், ஒழுங்குக்குப் பிரம்பு வேண்டும் என்றார். புரொபசர், அடுத்த வாரமே கிளப்பிலிருந்து ஒரு கூட்டம் வரும் என்று அறிவித்தார். ஏற்கனவே தந்தி கொடுத்துவிட்டதாகச் சொன்னார். இரண்டு வக்கீல்கள், ஒரு டாக்டர், அவர்கள் குடும்பங்கள். அறை போதாது, வராந்தாவிலும் கட்டில் போடவேண்டும். ஞானதுரை எழுந்து நன்றி சொன்னார். இங்கிலீஷில் சொன்னார். சுருக்கமாக வந்தது.

நான்கு பேரையும் ரயிலேற்றிவிட்டு அவர் திரும்பியபோது லாட்ஜ் வாசலில் தானியேலின் செருப்பு கிடந்தது.

இந்த ஒரு வருஷத்தில் தானியேல் லாட்ஜுக்குள் வந்ததில்லை. தெருவில் போனால் தலையைத் திருப்பாமல் போவார். இப்போது உள்ளே இருந்தார். மேஜைக்குப் பின்னால், ஞானதுரையின் நாற்காலியில். ஐயர் காப்பி வைத்திருந்தார். மீதிப் போளியும் வைத்திருந்தார்.

உட்கார் என்றார் தானியேல்.

சுற்றிலும் வேறு நாற்காலி இல்லை. விருந்துக்காக எல்லாவற்றையும் உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். விருந்தாளிகள் ஷூ மாட்டுவதற்காக வாசலோரம் ஒரு முக்காலி கிடந்தது. ஞானதுரை அதை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

தானியேல் போளியைத் தின்று முடித்தார். கையைத் துடைத்தார். சுவரை முகர்ந்து, வாசனை போகவில்லையே என்றார். போகாது என்றார். காப்பி நன்றாக இருக்கிறது என்றார். அண்ணன் இவ்வளவு நல்ல வார்த்தைகளை ஒன்றாகச் சொல்லி ஞானதுரை கேட்டதில்லை.

"கிட்டங்கி எனக்கு வேணாம்டா தம்பி" என்றார் தானியேல். "சாக்கு வைக்க வேற எடம் பாத்துட்டேன். ஓட்டலே இருக்கட்டும்."

ஒரு வருஷமாக ஞானதுரை காத்திருந்த வாக்கியம் அதுதான். அது வந்ததும் என்ன செய்யவேண்டும் என்று அவர் நிறைய யோசித்து வைத்திருந்தார். எழுந்து நின்று, ரொம்ப சந்தோஷம் அண்ணே என்று மெதுவாகச் சொல்லவேண்டும். முகத்தில் எதுவும் தெரியக்கூடாது. எழ முயன்றார். முக்காலியில் உட்கார்ந்து பழகிய முழங்கால் உடனே நிமிரவில்லை.

பின்வாசலில் வேலுத்தாய் கொப்பரைச் சாம்பலை அள்ளிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. திங்கட்கிழமை மலைக்கு வரலாமா என்று மத்தியானம் காசிமாயனிடம் கேட்டிருந்தாள். சின்ன முதலாளியைக் கேட்டுச் சொல்கிறேன் என்று அவர் சொல்லியிருந்தார். இப்போது அள்ளுவதை நிறுத்திவிட்டாள்.

தானியேல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பாதி பிஞ்சாத்தான் பறிச்சிருக்காக. போகட்டும், காசிமாயன் சொல்லித் திருத்திருவான். கூலிதான் வேணாங்கிறாகளே." கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தம்பியைப் பார்த்தார். "அடுத்த வாரம் எத்தனை ஆளு ஏத்துறே?"